மேனேஜர் வீட்டுக்குப் போன ஊறுகாய்

காலை வெயில் வாசலுக்கு வந்துவிட்ட நேரம். கஸ்தூரி வந்து நின்றாள். கையில் நான் அவளுக்குக் கொடுத்திருந்த கண்ணாடி பாட்டில். அதில் பாதிக்கு மேல் நார்த்தங்காய் அப்படியே இருந்தது.

நான் அடுப்படியிலிருந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தேன். பாட்டிலைப் பார்த்ததும், இன்னும் கொஞ்சம் கேட்டு வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். “உள்ள வா கஸ்தூரி, இப்பதான் உல வெச்சிகீறேன்” என்றேன்.

அவள் வரவில்லை. மூடியைத் திருகிக் கழற்றினாள். எங்கள் வாசலை ஒட்டி ஓடுகிற சாக்கடையில் பாட்டிலைக் கவிழ்த்தாள். உப்புத் தண்ணீர் முதலில் போய்விட்டது. துண்டுகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு வர மறுத்தன. அவள் விடுவதாக இல்லை. அடியில் தட்டித் தட்டி, கடைசித் துண்டு விழும்வரை கொட்டினாள்.

“எங்க ஊட்டுக்கு இனிமே உன் ஊறுகா வாணாம்க்கா. மேனேஜர் ஊட்டுக்கே குடு.”

காலி பாட்டிலைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள். உடைக்கவில்லை. அந்தக் காலத்தில் மூடி போட்ட நல்ல கண்ணாடி பாட்டிலை எவ்வளவு கோபம் வந்தாலும் யாரும் உடைக்க மாட்டார்கள்.

கஸ்தூரி வேறு யாரோ அல்ல. என் வீட்டுக்காரர் ஏழுமலையும் அவள் புருஷன் தணிகாசலமும் ஒரே நாளில் அம்பத்தூர் எஸ்டேட்டுக் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒரே ஷிப்டு, ஒரே பெஞ்சில் சாப்பாடு. எனக்குப் பிரசவம் ஆனபோது வெந்நீர் போட்டு ஊற்றியவள் கஸ்தூரி. அவள்தான் கொட்டிவிட்டுப் போனாள்.

சென்ற வாரம் இந்தப் பத்தியில் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, “உங்கள் நார்த்தங்காய் ஊறுகாய்க்கு அளவு சொல்லுங்கள்” என்று கேட்டிருந்தார். சொல்கிறேன் தாயே. ஆனால் அளவை மட்டும் பிய்த்துக் கொடுக்க எனக்குத் தெரியாது. மீதியையும் சேர்த்துத்தான் கேட்கவேண்டும்.

முள் மரம்

பட்டரவாக்கம் ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம், அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு சைக்கிளில் போகிற தூரத்தில் எங்களுக்கு அரை கிரவுண்டு மனை. முன்னால் ஓடு போட்ட ஒரு அறை, பின்னால் அடி பம்பு, அதற்குப் பக்கத்தில் நார்த்தை மரம். நாங்கள் வைத்த மரம் இல்லை. மனையோடு வந்தது.

மரம் என்றால் நிழல் தரும், ஊஞ்சல் கட்டலாம் என்றெல்லாம் நினைக்காதீர்கள். உடம்பு முழுக்க முள். துணி காயப்போட்டால் கிழிக்கும். குனிந்து பெருக்கினால் முதுகைக் கீறும். என் வீட்டுக்காரர் அதை வெட்டிவிட்டு அந்த இடத்தில் இன்னொரு அறை எழுப்ப வேண்டும் என்று வருஷா வருஷம் சொல்லுவார்.

“இன்னாமே, மரத்துக்கு ஊடா, மனுசனுக்கு ஊடா?” என்பார்.

“மரத்த வெட்டினா நான் எங்கப்பன் ஊட்டுக்குப் பூடுவேன்” என்பேன். அதோடு அடங்கிவிடுவார்.

மரத்தின் மேல் எனக்குப் பாசம் ஒன்றும் இல்லை. எனக்கு ஊறுகாய் மேல்தான் வீம்பு. அந்த வீம்பு எங்கிருந்து வந்தது என்று சொன்னால்தான் நான் பிறகு செய்தது உங்களுக்குப் புரியும்.

மேலேயிருந்து போடுவார்கள்

என் அப்பாவும் அம்மாவும் திருமழிசைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். நடவு நாளில் பெரிய வீட்டுப் பின்கட்டில் எங்களுக்குக் கஞ்சி ஊற்றுவார்கள். கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளப் பழைய நார்த்தங்காய். அந்த வீட்டு அம்மா ஜாடியோடு வருவாள். நாங்கள் இரண்டு கையையும் சேர்த்து ஏந்தி நிற்க வேண்டும். அவள் மேலேயிருந்து போடுவாள். அவள் விரல் எங்கள் கையில் பட்டுவிடக் கூடாது.

துண்டு சில நேரம் கையில் விழும். சில நேரம் மண்ணில் விழும். மண்ணில் விழுந்தாலும் அம்மா எடுத்து ஊதிவிட்டு எனக்குக் கொடுப்பாள். அந்த நார்த்தங்காய் ருசியாகத்தான் இருக்கும், அதை மறைத்துப் பேச எனக்கு மனசு வரவில்லை. அத்தனை ருசியான ஒன்றை அத்தனை உயரத்திலிருந்து போட்டார்களே என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

அதனால், எனக்கென்று ஒரு மரமும் ஒரு ஜாடியும் வந்தபோது மனசுக்குள் ஒன்று வைத்துக்கொண்டேன். யார் கேட்டாலும் கொடுப்பது. கொடுப்பதைக் கையில் கை பட வைப்பது.

அளவு

சரி, அளவு. காய் நன்றாகப் பருத்து, பச்சை மாறி லேசாக மஞ்சள் தட்டும்போது பறிக்க வேண்டும். ரொம்பப் பழுத்தால் கொழகொழத்துப் போகும். கழுவி, ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் துடைத்து, மேலிருந்து கீழே சுருளாக அறுத்துக்கொண்டே வரவேண்டும். அறுந்து விழக் கூடாது. இழுத்தால் நீள வேண்டும், விட்டால் மறுபடி காயாக உட்கார வேண்டும். அந்தச் சுருளுக்குள் கல்லுப்பை அடைக்க வேண்டும். கையில் ஒரு கீறல் இருந்தாலும் அன்று உயிர் போகும்.

உப்பு எவ்வளவு என்று கேட்டால், நீங்கள் போதும் என்று நினைப்பதற்கு மேல் ஒரு பிடி. ஜாடியில் போட்டுத் துணி கட்டி, தினமும் ஒருமுறை குலுக்கிவிட வேண்டும். தோல் துவண்டு தண்ணீர் விட்டதும், பகலில் எடுத்துப் பாயில் காயவைத்து, பொழுது சாய்ந்ததும் மறுபடி அதே தண்ணீரில் போட வேண்டும். தண்ணீர் முழுக்கக் காய் குடித்துத் தீரும்வரை இதே வேலை. பாதியைக் காயவைக்காமல் உப்புத் தண்ணீரிலேயே ஊறவிடுவேன். பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கும்.

செய்த புதிதில் கசக்கும். வாயில் வைக்க முடியாது. அவசரப்பட்டு எடுத்துத் தின்றுவிட்டு என்னைத் திட்டினால் அது உங்கள் தப்பு.

ஒரு சமயம் எங்கள் பக்கத்து மாதர் சங்கத்தில் கொய்யாப்பழ ஜாம் செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு டீச்சர் வந்து, பழத்தைவிடச் சர்க்கரையை அதிகம் கொட்டி, சிவப்புச் சாயம் வேறு ஊற்றிக் கிண்டினாள். நானும் கிண்டிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் ஒரு ஸ்பூன் தின்றுவிட்டு, “இன்னாமே இது, காய்ச்சல் மருந்தா?” என்றார். அத்தோடு நான் நார்த்தங்காய்க்கே திரும்பிவிட்டேன்.

பந்தல்

எண்பதுகளின் நடுவில் ஒரு வருஷம். போனஸ் கேட்டு ஆரம்பித்த சண்டை. கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். கேட்டுக்கு எதிரே பந்தல் போட்டு எல்லோரும் உட்கார்ந்தார்கள். முதலில் திருவிழா மாதிரிதான் இருந்தது. பேச்சு, பாட்டு, கொடி. மாசம் ஒன்று தாண்டியதும் பாட்டு நின்றது.

பந்தலில் மத்தியானம் கஞ்சி. அரிசியை ஆளுக்குக் கொஞ்சம் கொண்டுவந்து போடுவார்கள். தொட்டுக்கொள்ள என் நார்த்தங்காய். அந்த வருஷம் மரம் காய்த்துத் தள்ளியது. நான் விடிந்தால் அறுக்க உட்காருவேன். ஜாடி போதாமல் மண்பானையில் போட்டேன். தணிகாசலம் தொழிற்சங்கத்தில் கமிட்டி ஆள். அவரே வந்து பானையைத் தூக்கிக்கொண்டு போவார்.

“அண்ணி, கம்பெனிக்காரன் நம்மள பட்டினி போட்டு அடிக்கலாம்னு பாக்கறான். உன் ஊறுகா கீற வரிக்கும் நடக்காது” என்பார்.

எனக்குப் பெருமையாக இருந்தது. எட்டாவது வரை படித்த ஒருத்தி, சங்கத்தில் பேர் இல்லாத ஒருத்தி, அத்தனை ஆம்பிளைகளின் கஞ்சிக்கு ருசி போட்டுக்கொண்டிருந்தேன்.

பந்தலுக்குப் போனது போக, வீட்டு வீட்டுக்கும் பாட்டில் கொடுத்தேன். கஸ்தூரிக்குப் போன பாட்டில் அதில் ஒன்று.

கேட்டில் வந்து நின்ற பெண்

அந்த நாட்களில்தான் ஒருநாள் ரேவதி வந்தாள். நான் வாசலில் பாய் விரித்து நார்த்தங்காய் காயவைத்துக்கொண்டிருந்தேன். கேட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னப் பெண் நின்றாள். கண் குழிவிழுந்து, உதடு வெடித்து, எலும்பும் தோலுமாக இருந்தாள். வயிறு மட்டும் தெரிந்தது.

“அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க. டாக்டர்கிட்டப் போயிட்டு வரேன். இந்த வாசனை வந்துது. ஒரே ஒரு துண்டு தரீங்களா?”

அவளை எனக்குத் தெரியும். இரண்டு தெரு தள்ளி, மாடி வீட்டில் குடியிருந்த கம்பெனி மேனேஜரின் மனைவி. கேட்டை இழுத்துப் பூட்டியவன் வீட்டுப் பெண். பெரிய இடத்துப் பிள்ளைகள். தெருக் குழாயில் எங்கள் குடம் பட்டால் தங்கள் குடத்தை மறுபடி கழுவுகிற வீடு.

எனக்கு அதெல்லாம் ஒரு நிமிஷம் மனசில் ஓடியது. ஓடவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வாயும் வயிறுமாக இருக்கிற ஒருத்தி வந்து கேட்டு, இல்லை என்று சொல்ல எங்கள் வீட்டுப் பழக்கத்தில் இடம் கிடையாது. அவள் கேட்டது கிடைக்காவிட்டால் பிள்ளைக்கு ஆகாது என்பார்கள். எதிரி வீட்டுப் பிள்ளை என்றாலும் பிள்ளைதான்.

நல்ல துண்டாக எடுத்துக் கையில் வைத்தேன். அவள் அங்கேயே நின்று வாயில் போட்டு, கண்ணை மூடிச் சப்பினாள். கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது.

“மூணு மாசமா எதுவும் உள்ள தங்கலைக்கா. இது தங்குது.”

இன்னும் நாலு துண்டைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்து அனுப்பினேன். அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? மேலேயிருந்து போட்டவர்கள் இனத்துப் பெண் என் வாசலில் கை நீட்டி நின்றாள். நான் கை பட வைத்தேன். அவளும் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டாள். அன்று முழுக்க நான் வேறு ஆளாக இருந்தேன்.

கொடி கட்டிய சைக்கிள்

ஒரு வாரம் போல ஆகியிருக்கும். அவள் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற பெண் வந்து சொன்னாள். டாக்டர் படுக்கையைவிட்டு எழக் கூடாது என்று சொல்லிவிட்டாராம். கொடுத்த துண்டுகள் தீர்ந்துபோய் மறுபடி வாந்தியாம். ஒரு பாட்டில் கிடைக்குமா என்று கேட்டாளாம்.

நானே போயிருப்பேன். அன்று பார்த்து எனக்குக் காலில் ஆணி குத்தி வீங்கிக் கிடந்தது. பந்தலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரிடம் கொடுத்தேன்.

அவர் தயங்கினார். “மேனேஜர் ஊடுமே. எவனாவது பாத்தா இன்னா நெனப்பான்?”

“மேனேஜர் பொண்டாட்டின்னா வாந்தி வராதா? நீ இன்னா திருடவா போற? குடுத்துட்டு வாய்யா.”

சிரித்துக்கொண்டே வாங்கி ஒயர் கூடையில் போட்டுக்கொண்டார். அவருக்கு ஒளித்துச் செய்யத் தெரியாது. தெரிந்திருந்தால் சந்து வழியாகப் போய், பின்பக்கமாகக் கொடுத்துவிட்டு வந்திருப்பார். அவரோ நல்ல வெளிச்சத்தில், பிரதான தெரு வழியாக, ஹேண்டில்பாரில் சங்கக் கொடி பறக்க, மேனேஜர் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தினார். செருப்பைப் படியில் விட்டார். ரேவதி படுத்தபடியே, காபி குடித்துவிட்டுத்தான் போகவேண்டும் என்று சொல்லிவிட்டாள். மேனேஜரும் வேட்டியோடு வெளியே வந்து, “உட்காருங்க ஏழுமலை” என்றாராம். அவரை முதல் தடவையாக யாரோ அந்த மாதிரி வீட்டில் நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தார். காபி குடித்தார். பேசியதெல்லாம் அந்தப் பெண்ணின் வாந்தியைப் பற்றித்தான்.

டீ வாங்கப் போன இரண்டு பேர் சைக்கிளைப் பார்த்தார்கள். செருப்பையும் பார்த்தார்கள்.

பந்தலில் தணிகாசலம் கிண்டலாகத்தான் கேட்டார். “இன்னா மச்சான், மேனேஜர் ஊட்டுக் காபி எப்பிடி கீது?”

“ஊறுகா குடுக்கப் போனேன் மச்சான். அந்தப் பொண்ணு மாசமா கீது.”

எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். அத்தோடு போயிருக்க வேண்டியது.

வேன்

கம்பெனி சில ஆட்களை மட்டும் உள்ளே எடுத்து மெஷினை ஓட்டப் போகிறது என்று பேச்சு வந்தது. உள்ளே போகிறவன் கருங்காலி என்று பந்தலில் சத்தியம் செய்துகொண்டார்கள். என் வீட்டுக்காரரும் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தார்.

அதற்கு இரண்டொரு நாள் கழித்துக் காலையில் கம்பெனி வேன் எங்கள் தெருவுக்குள் நுழைந்தது. எங்கள் வாசலில் நின்றது. தெருவே கதவைத் திறந்துகொண்டு பார்த்தது.

டிரைவர் இறங்கி வந்து இவரிடம் தணிந்த குரலில் சொன்னார். “மேனேஜர் உன்ன மட்டும் இட்டுகினு வரச் சொன்னாரு ஏழுமல. இனிமே சண்ட போட மாட்டேன்னு எதுலயும் கையெழுத்துப் போட வாணாமாம். பழைய சம்பளம், பழைய மெஷினு. ஏறி குந்து.”

இவருக்குச் சட்டென்று புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. அந்தப் பெண் நன்றாக இருக்கிறாள். சாப்பிடுகிறாள். அதற்கு அந்த மனுஷன் நன்றி சொல்கிறான். அவனுக்குத் தெரிந்த விதத்தில் சொல்கிறான்.

என் வீட்டுக்காரர் வேனைத் தொடக்கூட இல்லை. “எல்லாரையும் கூப்புடச் சொல்லு. எல்லாரோட வரேன். தனியா வரமாட்டேன்னு சொல்லு” என்றார். கத்திச் சொல்லவில்லை. அவர் எதையும் கத்திச் சொல்கிறவர் இல்லை. நான் பக்கத்தில் நின்றேன், எனக்குக் கேட்டது. எதிர்வீட்டுக்குக்கூடக் கேட்டிருக்காது.

டிரைவர் பாவம், வெறும் வண்டியோடு போனால் திட்டு விழும் என்று கொஞ்ச நேரம் கெஞ்சிக்கொண்டு நின்றார். அத்தனை நேரமும் வேன் எங்கள் வாசலில் நின்றது. ஊர் கண்டது அதைத்தான்.

மறுநாள் காலையில் கஸ்தூரி பாட்டிலோடு வந்தாள்.

அவள் கொட்டிவிட்டுப் போனதும் நான் செம்பில் தண்ணீர் எடுத்துப் படியை மட்டும் கழுவினேன். சாக்கடையில் கிடந்ததை அப்படியே விட்டேன். போகிறவர்கள் வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று ஒரு ஆத்திரம். பிறகு காலை இழுத்துக்கொண்டே பந்தலுக்குப் போனேன்.

இவர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். சுற்றி இரண்டு பாய் அளவுக்கு இடம் காலியாகக் கிடந்தது. நான் தணிகாசலத்தின் முன்னால் போய் நின்றேன்.

“தம்பி, உன் பொண்டாட்டி இன்னா செஞ்சா தெரியுமா?”

“தெரியும் அண்ணி. நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். வேன் ஏன் உங்க ஊட்டுக்கு மட்டும் வந்துச்சி? அத்த மட்டும் சொல்லு.”

நான் சொன்னேன். ரேவதி கேட்டது, நான் கொடுத்தது, இவர் கொண்டுபோனது, இவர் ஏறமாட்டேன் என்றது, எல்லாவற்றையும் சொன்னேன். பந்தலே கேட்டுக்கொண்டிருந்தது. சொல்லச் சொல்ல எனக்கே அது பொய் மாதிரி கேட்டது.

தணிகாசலம் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். “ஒரு பாட்டில் ஊறுகாய்க்கு எவனாவது வேன் அனுப்புவானா அண்ணி?”

யாரும் அனுப்ப மாட்டார்கள். அந்த ஒருத்தன்தான் அனுப்பினான்.

நல்லதுதானே செய்தேன்

அங்கிருந்து நேராக மேனேஜர் வீட்டுக்குப் போனேன். செருப்பைக் கழற்றவில்லை. ரேவதி கட்டிலில் சாய்ந்திருந்தாள். முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்திருந்தது. தலைமாட்டில் என் பாட்டில்.

“எழுந்து வாம்மா. ரிக்‌ஷா வெச்சி இட்டுகினு போறேன். பந்தல்ல வந்து ஒரே ஒரு வார்த்த சொல்லிடு. நீதான் கேட்ட, அதான் குடுத்தோம்னு சொல்லு. போதும்.”

அவள் புருஷன் உள்ளேயிருந்து வந்தார். நிஜமாகவே அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. “உங்க வீட்டுக்காரருக்கு நல்லதுதானேம்மா செஞ்சேன்? வேண்டாம்னு சொன்னது அவர்தானே?” என்றார். கெட்ட மனுஷன் என்றால் காறித் துப்பிவிட்டு வந்திருப்பேன். அந்த ஆள் முகத்தில் கெட்டது எதுவும் இல்லை. ஒருத்தனை மட்டும் தனியாகத் தூக்கிவிட்டால் அவன் விழுந்துபோவான் என்பது அவர் படித்த படிப்பில் வரவில்லை.

ரேவதி அழுதாள். “அவ்ளோ ஆம்பளைங்க நடுவில நான் எப்படிக்கா வருவேன்? இந்த நிலைமையில? இவருக்கு ஆபீஸ்ல கெட்ட பேர் ஆயிடும்.”

“நீ கேட்டப்போ நான் இல்லன்னு சொன்னனா?”

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் வந்துவிட்டேன். வரும்போது தலைமாட்டிலிருந்த பாட்டிலை எடுத்து வந்துவிடலாமா என்று கை துறுதுறுத்தது. எடுக்கவில்லை. வயிற்றில் இருந்தது என்ன பாவம் செய்தது?

அவளுக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆனதாகக் கேள்வி. பெண் குழந்தை. அதற்குள் மாற்றலாகிப் போய்விட்டார்கள்.

தனிப் பெஞ்சு

சண்டை தீர்ந்தது. எல்லோரையும் உள்ளே எடுத்தார்கள். என் வீட்டுக்காரரையும் எடுத்தார்கள். யாரும் அவரை அடிக்கவில்லை, திட்டவில்லை. பேசவில்லை, அவ்வளவுதான்.

சாப்பாட்டு வேளையில் அவர் எந்தப் பெஞ்சில் உட்கார்ந்தாலும் மற்றவர்கள் டப்பாவை மூடிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். பிறகு அவரே ஓரமாக ஒரு பெஞ்சைத் தனக்கென்று வைத்துக்கொண்டார். தணிகாசலம் மெஷின் எதிர் வரிசையில். நிமிர்ந்தால் முகம் தெரியும். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே எத்தனையோ வருஷம் வேலை செய்தார். என் பெண் கல்யாணத்துக்குக் கம்பெனியிலிருந்து ஒருத்தர் வரவில்லை. பந்தியில் அவர்களுக்கென்று போட்ட இலைகளை எடுத்து மாட்டுக்குப் போட்டோம்.

“வேற எங்கனா வேல தேடிக்கோய்யா” என்று எவ்வளவோ சொன்னேன்.

“போனா ஒத்துக்கினா மாதிரி ஆவும்மே” என்பார். அந்த ஒரு காரணத்துக்காகவே தினமும் அந்த கேட்டுக்குள் போனார்.

நீ ஏன் கொடுத்தாய் என்று அவர் என்னை ஒருநாளும் கேட்டதில்லை. மற்றவர்கள் கேட்டிருக்கிறார்கள். நான் செய்தது தப்பில்லை. இன்னொரு ரேவதி வந்து கேட்டாலும் கொடுப்பேன். கேட்டவளுக்குக் கொடுத்தது தப்பு என்று என்னைச் சொல்லவைக்க யாராலும் முடியாது.

மன்னித்துவிட்டேன்

தொண்ணூறுகளில் கம்பெனி ஆட்களைக் குறைத்தது. கணக்கு முடித்து அனுப்பியவர்களில் இவரும் இருந்தார், தணிகாசலமும் இருந்தார். அதற்குப் பிறகு கொஞ்ச காலத்தில் தணிகாசலத்துக்குக் கல்லீரல் கெட்டுப்போய், பெரியாஸ்பத்திரியில் வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொல்லிவிட்டார்கள்.

ஒரு மத்தியானம் கஸ்தூரி வந்தாள். அத்தனை வருஷத்துக்குப் பிறகு அதே வாசல். கேட்டுக்கு வெளியே நின்றபடியே சொன்னாள். “அண்ணன ஒருதபா வந்து பாக்கச் சொன்னாரு.”

என் வீட்டுக்காரர் சட்டையைக்கூட நேராகப் பொத்தான் போடவில்லை. அப்படி ஓடினார். நானும் பின்னால் போனேன்.

தணிகாசலம் கட்டிலில் மஞ்சளாகக் கிடந்தார். வயிறு ஊதியிருந்தது. இவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு தணிகாசலம் சொன்னார்.

“மச்சான், அன்னைக்கு நீ செஞ்சத நான் மன்னிச்சிட்டேன். மனசுல ஒண்ணும் வெச்சிக்கல. நீயும் வெச்சிக்காத.”

நான் வாயைத் திறந்தேன். என் வீட்டுக்காரர் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்படி அவர் என்னைப் பார்த்ததே இல்லை. வாயை மூடிக்கொண்டேன்.

“சரி மச்சான்” என்றார் அவர்.

வீட்டுக்கு வந்ததும் நான் ஆடித் தீர்த்துவிட்டேன். “செய்யாத தப்புக்கு எதுக்குய்யா சரின்ன? இவ்ளோ வருசம் எதுக்குய்யா அந்தப் பெஞ்சில தனியா குந்திகினு கெடந்த?”

“சாவப்போறவன்மே. மன்னிச்சிட்டேன்னு சொன்னதுல அவன் மூஞ்சி எப்டி ஆச்சி பாத்தியா? நான் இல்லன்னு சொன்னா, அவ்ளோ வருசம் தப்பா நெனச்சிட்டமேன்னு அந்த வேதனையோட போவான். வாணாம்.”

“அப்ப உனுக்கு?”

“எனுக்கு இன்னா. அவன் பேசினான்ல.”

இரண்டாம் நாள் தணிகாசலம் போய்விட்டார். பழைய ஆட்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். பாடை கட்டும்போது இவரையும் ஒரு கை பிடிக்கச் சொன்னார்கள். எனக்குக்கூட நெஞ்சு இளகியது. அப்போது அந்தப் பழைய கமிட்டியில் இருந்த ஒருத்தர் வந்து, எல்லோருக்கும் கேட்கும்படி, இவர் தோளில் தட்டிச் சொன்னார்.

“பரவால்ல ஏழுமல. அவன் உயிரோட கீறப்பவே ஒத்துக்கினியே. கஸ்தூரி சொல்லுச்சி. அதுக்கே ஒரு மனசு வோணும்.”

சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். சிலர் சிரிக்கவும் செய்தார்கள், நல்லவிதமாகத்தான். அன்றிலிருந்து அவரிடம் பேச ஆரம்பித்தார்கள். டீக்கடையில் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். கருங்காலியாக இருந்து திருந்தியவனிடம் பேசுகிற மாதிரி பேசினார்கள். அவர் சாகிறவரை யாரிடமும் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னையும் சொல்லவிடவில்லை.

இப்போது அவர் இல்லை. தடுக்க ஆள் இல்லை. அந்தக் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள் இதைப் படித்தால், படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். வேன் எங்கள் வாசலுக்கு வந்தது நிஜம். என் புருஷன் அதில் ஏறவில்லை. நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.